பயம் போற வரைக்கும் காத்திருக்காதீங்க: ஆண்டவரை நம்ப ஆரம்பிக்கிறது எப்படி

நம்ம புதுச்சேரி, கடலூர் பக்கம் பயத்துக்கு பஞ்சமே இல்ல. அக்டோபர் பொறந்தா புயல் பயம், ஜிப்மர் ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துட்டு ரிசல்ட்டுக்கு உக்காந்திருக்கிறவங்களுக்கு அந்த பயம், குழு லோன் தவணை கட்டுற நாள் வந்தா ஒரு பயம், பிள்ளைக்கு நீட் மார்க் என்ன ஆகுமோன்னு, பொண்ணுக்கு வயசு ஏறுதேன்னு, துபாய்ல இருக்கிற வீட்டுக்காரர் ரெண்டு நாளா போன் பண்ணலையேன்னு. கோவிலுக்கு போறோம், செபமாலை சொல்றோம், ஆனாலும் ராத்திரி படுத்தா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. அதோட சேர்ந்து இன்னொரு பயமும் வந்துடுது, இவ்வளவு பயப்படுறேனே, எனக்கு விசுவாசமே இல்ல போலிருக்கே, ஆண்டவர் என்னைப் பத்தி என்ன நினைப்பாருன்னு. அன்பியக் கூட்டத்துலயும் (பங்குல அக்கம்பக்கத்து குடும்பங்க சேர்ந்து செபிக்கிற குழு) நோயாளிங்கள பாக்க போற வீடுங்கள்லயும் இந்த பேச்சை நான் அடிக்கடி கேக்குறேன், அதனாலதான் இதை கொஞ்சம் விவரமாவே எழுதிடலாம்னு தோணுச்சு.

முதல்ல ஒண்ணு தெளிவா வெச்சுக்கங்க, பயம் வர்றது பாவம் இல்ல. கோபம், சந்தோஷம், ஆசை, பயம் இதெல்லாம் மனசுல தானா எழும்புற உணர்ச்சிங்க, அதை மட்டும் வெச்சு நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்ல முடியாதுன்னு கத்தோலிக்க திருச்சபையோட மறைக்கல்வி நூலே 1767ஆம் எண்ல சொல்லுது. அதுக்கு அப்புறம் நம்ம என்ன பண்றோம்ங்கிறதுதான் கணக்கு. இயேசுவோட வளர்ப்புத் தந்தை சூசையப்பரை எடுத்துக்கங்க. மத்தேயு முதல் அதிகாரத்துல வானதூதர் கனவுல வந்து மரியாவை ஏத்துக்க அஞ்ச வேண்டாம்னு சொல்றாரு, அவரும் எழுந்து சொன்னபடியே செய்றாரு. அப்ப அதோட அவருக்கு பயமே போயிடுச்சான்னா, இல்ல. ரெண்டாம் அதிகாரம் 22ஆம் வசனத்தை படிங்க, எகிப்துல இருந்து திரும்பி வரும்போது ஏரோது செத்தாலும் அவன் மகன் அர்க்கெலா யூதேயாவுல ஆட்சி பண்றான்னு கேள்விப்பட்டு அங்க போக பயந்தாருன்னு ஒளிவுமறைவு இல்லாம எழுதியிருக்கு. அந்த பயத்தோடயேதான் அவர் கனவுல வந்த எச்சரிப்பையும் கேட்டு, குழந்தையையும் தாயையும் கூட்டிட்டு கலிலேயா பக்கம் போய் நாசரேத்துல குடியேறினாரு. திருக்குடும்பத்தோட தலைவருக்கே அப்படின்னா நமக்கு வர்றதுல என்ன ஆச்சரியம்.

சீடருங்க கதையும் அதேதான். உயிர்த்த அன்னைக்கு சாயங்காலம் பயத்துல கதவை பூட்டிக்கிட்டு உள்ள இருந்தாங்க, யோவான் 20ஆம் அதிகாரம், இயேசு உள்ள வந்து நின்னு "உங்களுக்கு அமைதி உண்டாகுக"ன்னு சொன்னாரு, அவங்களும் கண்ணால பாத்தாங்க, சந்தோஷப்பட்டாங்க. எட்டு நாள் கழிச்சு மறுபடியும் பாத்தா, கதவு மறுபடியும் பூட்டித்தான் இருந்துச்சு! அதுக்காக இயேசு வெளிய நின்னு, மொதல்ல கதவைத் திறங்க, அப்புறம் வர்றேன்னு சொல்லல, பூட்டின கதவோடயே உள்ள வந்தாரு, அதே வாழ்த்தைத்தான் திரும்பவும் சொன்னாரு. பயம் தீர்ந்ததுக்கு அப்புறம் நம்பலாம்னு இருந்தோம்னா ஆயுசு முழுக்க காத்துக்கிட்டேதான் இருக்கணும். பயம் உள்ள இருக்கும்போதே யார் பக்கம் திரும்புறதுன்னு முடிவு பண்ணலாம், அதை தினமும் பண்ணலாம், ஒரே நாள்ல பத்து தடவை வேணும்னாலும் பண்ணலாம்.

சரி, எப்படி பண்றது.

பயத்தை அது இருக்கிற மாதிரியே ஆண்டவர்கிட்ட சொல்லுங்க. நம்மல்ல நிறைய பேர் "ஆண்டவரே எல்லாத்தையும் பாத்துக்கங்க"ன்னு பொதுவா ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்துடுறோம், ஆனா மனசு மட்டும் அந்த ஒரே விஷயத்தை சுத்தி சுத்தி வந்துக்கிட்டே இருக்கும். அதுக்கு பதிலா பிள்ளைங்களோட பழைய நோட்டுல ஒரு பக்கத்தை எடுத்து எழுதுங்க. "வெள்ளிக்கிழமை பயாப்சி ரிசல்ட் வருது. கேன்சர்னு சொல்லிட்டா சின்னவனை யாரு பாத்துப்பாங்கன்னு பயமா இருக்கு." இந்த அளவுக்கு பச்சையா எழுதுங்க. எழுதினதை வீட்டு பீடத்து முன்னாடியோ கோவில்ல நற்கருணைப் பேழை முன்னாடியோ உக்காந்து மெதுவா வாசிங்க. செபத்துல இப்படியெல்லாம் பேசலாமான்னு கேக்காதீங்க, படகுல இருந்த சீடருங்க என்ன பக்தியா கேட்டாங்க? "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலையில்லையா?"ன்னு கத்தினாங்க. மாற்கு நாலாம் அதிகாரத்துல வரிசையை கவனிங்க, இயேசு எழுந்து முதல்ல காத்தையும் கடலையும் அடக்குறாரு, அதுக்கு அப்புறம்தான் "ஏன் அஞ்சுகிறீர்கள்? உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா?"ன்னு கேக்குறாரு. கத்தினதுக்கு கோவிச்சுக்கிட்டு திரும்பவும் படுத்துடல.

திருப்பாடல்கள்ல நிறைய இந்த மாதிரி கதறல்தான். 13ஆம் திருப்பாடல் எடுத்த எடுப்புலயே இன்னும் எத்தனை நாள் ஆண்டவரேன்னுதான் கேக்குது. 88ஆம் திருப்பாடல் கடைசி வரி வரைக்கும் இருட்டுலயே முடியுது, ஒரு ஆறுதல் வார்த்தை கூட கிடையாது, அதையும் திருச்சபை எடுத்து வெள்ளிக்கிழமை ராத்திரி செபத்துல வெச்சிருக்கு. சொந்தமா வார்த்தை வராத நாள்ல இந்த ரெண்டையும் வாசிங்க, போதும்.

எழுதின அந்த பக்கத்துலயே ஒரு கோடு போடுங்க. ஒரு பக்கம் இன்னைக்கு என் கையில இருக்கிறது, இன்னொரு பக்கம் என் கையில இல்லாதது. ரிசல்ட் என்ன வரும்ங்கிறது என் கையில இல்ல. வெள்ளிக்கிழமை கூட யாரு வர்றதுன்னு பேசி வெக்கிறது, ஆதார் கார்டு, பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரு பையில போடுறது, காப்பீட்டு கார்டு செல்லுபடி ஆகுதான்னு பாக்குறது, சின்னவனை அன்னைக்கு அத்தை வீட்டுல விடலாமான்னு கேக்குறது, இதெல்லாம் என் கையில இருக்கு. கையில இருக்கிறதை இன்னைக்கே செய்யுங்க. மத்ததை வாய்விட்டு சொல்லி ஒப்படைங்க, "ஆண்டவரே இது உங்களோடது"ன்னு. ஒரு மணி நேரத்துல அது திரும்பி மனசுக்குள்ள வந்துடும், கண்டிப்பா வரும், வந்தா திரும்பவும் குடுங்க. முதல் தடவை ஒப்படைச்சது செல்லாம போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. "அந்தந்த நாளுக்கு அன்றன்றுள்ள தொல்லையே போதும்"னு ஆண்டவர் சொன்னாரு, அதுலயே தெரியலையா, அன்னன்னைக்கு தொல்லை இருக்கும்னு அவருக்கு நல்லாவே தெரியும்.

இங்க ஒரு விஷயத்துல ஜாக்கிரதை வேணும். நம்பிக்கைன்னா ஒண்ணும் பண்ணாம உக்காந்திருக்கிறதுன்னு சிலர் நினைக்கிறாங்க. கடலூர் துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தினதுக்கு அப்புறம் ஆண்டவர் பாத்துப்பாருன்னு படகை எடுத்தா அது விசுவாசம் இல்ல. சாத்தான் இயேசுவை கோவில் உச்சியில நிறுத்தி குதிங்க, தூதருங்க தாங்குவாங்கன்னு சொன்னப்ப அவன் எடுத்துக்காட்டினது 91ஆம் திருப்பாடல், பைபிள் வசனம்தான்! அதுக்கு இயேசு சொன்ன பதில், உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி கிட்ட கரையைக் கடந்தப்ப ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சு, அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணையில வெள்ளம் வந்து கடலூர் பக்கம் எவ்வளவு வீடு முழுகுச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்த மாதிரி நேரத்துல பத்திரமான இடத்துக்கு போங்கன்னு அறிவிப்பு வந்தா செபமாலையை கையில எடுத்துக்கிட்டு முகாமுக்கு கிளம்புறதுதான் நம்பிக்கை.

மருந்து விஷயத்துலயும் இதேதான். சில செபக்கூட்டத்துல மாத்திரையை நிறுத்து, அப்பதான் உன் விசுவாசம் தெரியும்னு சொல்றாங்க, இதைக் கேட்டு சுகர் மாத்திரையை நிறுத்துறவங்களும் இருக்காங்க, எனக்கு இதுல ரொம்ப வருத்தம். நம்ம கத்தோலிக்க விவிலியத்துல சீராக்கின் ஞானம்னு ஒரு புத்தகம் இருக்கு, அதுல 38ஆம் அதிகாரம் முதல் பதினஞ்சு வசனம் முழுக்க மருத்துவரைப் பத்தித்தான். மருத்துவரை மதி, மருந்தை நிலத்துல இருந்து படைச்சவரே ஆண்டவர்தான், அறிவுள்ளவன் அதை ஒதுக்க மாட்டான், நோய் வந்தா ஆண்டவர்கிட்ட மன்றாடு, அப்புறம் மருத்துவருக்கும் இடம் குடுன்னு வரிசையா சொல்லுது. ரெண்டையும் சேர்த்து பண்ணுங்க. மாத்திரை போடும்போது ஒரு அருள்நிறை மரியே சொல்லிட்டு போடுங்க.

இப்ப கஷ்டமான இடத்துக்கு வர்றேன். நம்ம நம்பிக்கை எது மேல நிக்குது? பெரும்பாலும் நம்ம கேட்டது நடக்கும்ங்கிறது மேலதான் நிக்குது. வில்லியனூர் மாதா கோவிலுக்கு சனிக்கிழமை சனிக்கிழமை போறோம், மெழுகுவத்தி ஏத்துறோம், கெபி முன்னாடி முழங்கால் போடுறோம், எல்லாம் நல்ல காரியம்தான், விடவே விடாதீங்க. ஆனா உள்ளுக்குள்ள "இத்தனை வாரம் வந்துட்டேன், அதனால நடந்தே ஆகணும்"னு ஒரு கணக்கு ஓடுச்சுன்னா அங்கதான் பயம் வேர் விடும், ஏன்னா நடக்கலன்னா என்ன பண்றதுங்கிற கேள்வி கூடவே வருமே. தானியேல் புத்தகத்துல மூணாம் அதிகாரத்துல சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ மூணு பேரும் எரியுற சூளை முன்னாடி நின்னுக்கிட்டு ராஜாகிட்ட என்ன சொன்னாங்கன்னு பாருங்க, எங்க கடவுள் எங்களைக் காப்பாத்த வல்லவர், அப்படியே காப்பாத்தலன்னாலும் உன் சிலையை நாங்க வணங்க மாட்டோம். அந்த "காப்பாத்தலன்னாலும்" இருக்கே, அதுல நிக்குறவங்கள அதுக்கு மேல எதை காட்டி பயமுறுத்துவீங்க?

அதுக்காக கேக்கவே கூடாதுன்னு இல்ல. கெத்சமனி தோட்டத்துல இயேசுவே கேட்டாரு. திகிலும் மனக்கலக்கமும் அடைஞ்சாருன்னு மாற்கு எழுதியிருக்காரு, ஆண்டவருக்கே திகில். இந்தத் துன்பக் கிண்ணத்தை எடுத்துடுங்க அப்பான்னு நேரடியாவே கேட்டாரு, அதுக்கு அப்புறம் உம் விருப்பப்படியே ஆகட்டும்னு சொன்னாரு, ஒரே தடவை சொல்லிட்டு நிம்மதியா எழுந்து வந்துடல, போய் சீடரை பாத்துட்டு திரும்ப வந்து அதே வார்த்தையை சொன்னாருன்னு இருக்கு. அதனால உங்களுக்கு வேணுங்கிறதை முழுசா, வெக்கப்படாம கேளுங்க. கடைசியில அந்த ஒரு வரியை சேர்த்து சொல்லிப் பழகுங்க. முதல்ல வாய் மட்டும்தான் சொல்லும், மனசு சொல்லாது, பரவாயில்ல, வாய் சொல்றதும் செபம்தான். மனசே ஒத்துக்கலன்னா மாற்கு 9ஆம் அதிகாரத்துல வலிப்பு வந்த பையனோட அப்பா சொன்னதை எடுத்துக்கங்க, "நான் நம்புகிறேன். என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்." பாதி நம்பிக்கையோட கேட்ட அவருக்கு ஆண்டவர் பிள்ளையை குணமாக்கித்தான் குடுத்தாரு.

இன்னொரு பயம் இருக்கு, அது எல்லாத்தையும் விட கெட்டது. ஆண்டவர் மேலயே வர்ற பயம். நான் என்னவோ தப்பு பண்ணிட்டேன், அதான் இப்படி அடிக்கிறாருன்னு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை காலையில கடல் வந்துச்சு. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், தாழங்குடா, சாமியார்பேட்டை, எம்ஜிஆர் திட்டுன்னு நம்ம கரை முழுக்க, கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல குழந்தைங்க எத்தனை பேரு. அதுக்கு அப்புறம் கடவுள் தண்டிச்சுட்டாருன்னு பேசினவங்களும் உண்டு. பிள்ளையை பறிகொடுத்த ஒரு தாய் காதுல விழுற மாதிரி இப்படி ஒரு பேச்சை பேசலாமா?

இயேசு காலத்துலயும் இந்த பேச்சு இருந்துச்சு. சீலோவாம்ல கோபுரம் இடிஞ்சு விழுந்து 18 பேர் செத்தாங்க, லூக்கா 13ஆம் அதிகாரம், அவங்க எருசலேம்ல இருந்த மத்த எல்லாரையும் விட பெரிய குற்றவாளிங்கன்னு நினைக்கிறீங்களான்னு அவரே கேட்டு, அப்படி இல்லன்னு அவரே சொல்றாரு. நீங்க எல்லாரும் மனம் மாறணும்னும் சேர்த்துத்தான் சொல்றாரு, ஆனா செத்தவங்க மேல பழி போட விடல. யோவான் 9ல பிறவியிலயே பார்வை இல்லாதவரைக் காட்டி யார் பண்ணின பாவம், இவனா, இவன் அப்பா அம்மாவான்னு சீடருங்க கேக்குறாங்க, இவரும் இல்ல, இவரைப் பெத்தவங்களும் இல்லன்னு பதில் வருது. குழந்தைக்கு ஏதோ குறைன்னா அம்மாவோட பாவம்னு சொல்ற வாயெல்லாம் இந்த இடத்துல மூடிக்கணும். நீங்களே உங்களைப் பாத்து அப்படி சொல்லிக்கிட்டிருந்தா, அந்த ரெண்டு இடத்தையும் அடிக்கோடு போட்டு வெச்சுக்கங்க, திரும்ப திரும்ப படிங்க. நிஜமாவே ஒரு பாவம் மனசை அறுக்குதுன்னா அதுக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கு, பாவசங்கீர்த்தனத் தொட்டியில ஒரு தடவை சொல்லி பாவமன்னிப்பு வாங்கிட்டா அது முடிஞ்சுது. ஒரே பாவத்தை வருஷக்கணக்கா மறுபடி மறுபடி சொல்லிட்டு இருக்கிறவங்க ஒரே ஃபாதர்கிட்ட தொடர்ந்து போய், அவர் போதும்னு சொன்னா நிறுத்திடணும். அந்தக் கீழ்ப்படிதலும் ஒரு நம்பிக்கைதான்.

இதோட சேர்ந்த இன்னொண்ணு, பொருத்தனை பயம். வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றேன்னு நேர்ந்துக்கிட்டு முடியாமப் போயிடுச்சு, அதான் வீட்டுல ஒண்ணு மாத்தி ஒண்ணு வருதுன்னு புலம்புறவங்க நம்ம தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க. ஆகஸ்ட் கடைசியில காவி கட்டிட்டு இசிஆர் ரோட்டுல கூட்டம் கூட்டமா நடந்து போறதை பாக்கும்போது இவங்களுக்கு வயித்த கலக்கும். நேர்ந்துக்கிட்டதை நிறைவேத்துறது கடமைதான், அதை லேசா சொல்லல. ஆனா முட்டி தேஞ்சு போச்சு, நடக்கவே முடியலன்னா போய் பங்குத்தந்தையை பாருங்க. தக்க காரணம் இருந்தா தனிப்பட்ட நேர்ச்சையில இருந்து விலக்கு குடுக்க பங்குத்தந்தைக்கு அதிகாரம் இருக்குன்னு திருச்சபைச் சட்டம் 1196ல சொல்லியிருக்கு. மாதா வட்டிக்கு விடுறவங்க மாதிரி வாசல்ல வந்து நிக்கப் போறதில்ல. அவங்க நம்ம அம்மா.

பயத்துக்கு தீனி போடுற விஷயத்தையெல்லாம் நிறுத்துங்க, இது சுருக்கமா. மாதா படத்தை 9 பேருக்கு அனுப்பு, அனுப்பலன்னா கெட்ட சேதி வரும்னு வாட்ஸ்அப்ல வந்தா அழிச்சுடுங்க, அது பக்தி இல்ல, மிரட்டல். சனிப்பெயர்ச்சி பலன் பாக்குறது, கை பாக்குறது, மந்திரிச்ச கயிறு கட்டுறது, சிலுவையும் போட்டுக்கிட்டு தாயத்தும் போட்டுக்கிறது, இதெல்லாம் முதல் கட்டளைக்கு விரோதம்னு மறைக்கல்வி 2116, 2117ல இருக்கு. அதுக்கு முந்தின 2115ஆம் எண்ல இன்னும் அழகா ஒண்ணு சொல்லியிருக்கு, வரப்போறதைப் பத்தி நம்மளை ஆண்டவரோட பராமரிப்புல நம்பி விட்டுட்டு, தெரிஞ்சுக்கணும்ங்கிற கெட்ட ஆவலை விடுறதுதான் கிறிஸ்தவ மனப்பான்மைன்னு. யூடியூப்ல நோய் அறிகுறி வீடியோ பாக்குறதையும் இதுல சேர்த்துக்கங்க, ராத்திரி பத்து மணிக்கு மேல அதை தொடவே தொடாதீங்க.

பயம் உச்சத்துல இருக்கும்போது எந்த முடிவும் எடுக்காதீங்க. இது இயேசு சபையை ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் குடுத்த விதி, மனசு வறண்டு கலங்கி இருக்கிற நேரத்துல முன்னாடி எடுத்த நல்ல தீர்மானத்தை மாத்தாதே, அதுலயே உறுதியா நில்லு, செபத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிக்கோன்னு. நகையை வித்துடலாம், வேலையை விட்டுடலாம், கல்யாணத்தை நிறுத்திடலாம், ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடலாம்னு நடு ராத்திரியில தோணுறதையெல்லாம் அந்த நோட்டுல எழுதி மூடி வெச்சுட்டு விடிஞ்சப்புறம் பாருங்க. அவர் சொன்ன இன்னொண்ணு இதை விட முக்கியம், சோதிக்கிறவனுக்கு ரகசியம்தான் பலம், யாருக்கும் சொல்லாம உன்னை தனியா வெச்சுக்கத்தான் பாப்பான், நல்ல ஆன்ம குருகிட்ட ஒரு தடவை வெளிய சொல்லிட்டாலே அவன் வேலை கெட்டுடும். அதனால யார்கிட்டயாவது சொல்லுங்க. ஃபாதர், சிஸ்டர், கூடப்பொறந்தவங்க, மரியாயின் சேனைங்கிற மாதா பக்தி குழுவுல இருக்கிற ஒரு வயசான அம்மா, யாரா இருந்தாலும் சரி, கேட்டுட்டு நாலு பேர்கிட்ட சொல்லாதவங்களா இருக்கணும், அவ்வளவுதான். ஆம்பளைங்க இதை செய்யவே மாட்டேங்கிறாங்க. கடன் பயத்தை மனைவிகிட்ட கூட சொல்லாம மனசுலயே வெச்சு வெந்து போறாங்க.

ராத்திரிக்கு ஒரு சின்ன முறை சொல்றேன். படுக்கும்போது திருப்பாடல் 91 வாசிங்க, இல்ல 23 மனப்பாடமா தெரிஞ்சா அதையே சொல்லுங்க, "சாவின் இருள்சூழ் பள்ளத்தாக்கில் நான் நடக்க நேர்ந்தாலும்"ங்கிற வரியில கொஞ்சம் நில்லுங்க, பள்ளத்தாக்கே வராதுன்னு அதுல சொல்லல, நீர் என்னோடு இருக்கிறீர்னு சொல்லியிருக்கு. அப்புறம், தந்தையே உம் கையில் என் உயிரை ஒப்படைக்கிறேன். இயேசு சிலுவையில சொன்ன செபம் இது, திருச்சபை தன்னோட இரவு செபத்துல தினமும் இதைச் சொல்லிட்டுத்தான் படுக்கப் போகுது. நடுவுல முழிப்பு வந்து தூக்கம் போயிட்டா போனை எடுக்காம செபமாலையை எடுங்க. அருள்நிறை மரியே முதல் பாதியில மூச்சை மெதுவா இழுங்க, புனித மரியேங்கிற ரெண்டாவது பாதியில மெதுவா விடுங்க, மணி எண்ணிக்கை தவறினாலும் கவலை இல்ல. செபமாலையோட துயர மறைபொருள்ல முதல் மறைபொருளே கெத்சமனிதான், ராத்திரி பயத்துக்கு அதை விட பொருத்தமான இடம் இல்ல. ரொம்ப படபடப்பா இருந்தா நீளமான செபம் எதுவும் வராது, அப்ப "இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்"னு மட்டும் சொல்லுங்க. தண்ணியில முழுகும்போது பேதுருவும் ஒரு வரிதான் சொன்னாரு, "ஆண்டவரே, என்னைக் காப்பாற்றும்."

அடுத்து நான் ரொம்ப அழுத்தி சொல்ல நினைக்கிறது நோயில் பூசுதல். நம்ம பெரியவங்க இதை அவஸ்தைபூசுதல்னே சொல்லிப் பழகிட்டாங்க, அதனால ஃபாதர் எண்ணெயோட வந்தாலே ஆள் போகப்போகுதுன்னு வீடு முழுக்க ஒரு நடுக்கம். "அப்பா பயந்துடுவாரு, இப்ப வேணாம்"னு தள்ளிப் போட்டுக்கிட்டே போய் நினைவு தப்பினதுக்கு அப்புறம்தான் போன் பண்றாங்க. பாருங்க, எந்த அருட்சாதனத்தை பயத்துக்கு மருந்தா ஆண்டவர் வெச்சாரோ அதைக் கண்டே பயப்படுறோம். சாகுற தறுவாயில இருக்கிறவங்களுக்கு மட்டுமான அருட்சாதனம் இது இல்லன்னு ரெண்டாம் வத்திக்கான் சங்கமே சொல்லிடுச்சு. பெரிய ஆபரேஷனுக்கு முன்னாடி வாங்கலாம், வயசாகி தளர்ந்து போனவங்க வாங்கலாம், ஒரு தடவை வாங்கி குணமாகி மறுபடி கடுமையா நோய் வந்தா மறுபடியும் வாங்கலாம், மறைக்கல்வி 1514, 1515ல இருக்கு. இந்த அருட்சாதனம் குடுக்குற முதல் அருளே பலமும் அமைதியும் தைரியமும்தான். அதனால ஆபரேஷன் தேதி குறிச்ச உடனே, அட்மிஷனுக்கு முன்னாடியே, பங்குத்தந்தைகிட்ட சொல்லி ஞாயிறு பூசை முடிஞ்சதும் கோவில்லயே வாங்கிடுங்க, நோயாளி தெளிவா இருக்கும்போது, குடும்பம் சுத்தி நிக்கும்போது. பிப்ரவரி 11 லூர்து மாதா திருநாள், அதுவே 1993ல இருந்து உலக நோயாளர் தினம், அன்னைக்கு பல பங்குகள்ல நோயாளிங்களுக்காக பூசை வெச்சு மொத்தமா பூசுவாங்க, வீட்டுல இருக்கிற பெரியவங்கள ஆட்டோ வெச்சாவது கூட்டிட்டு போங்க. ஒரு வருஷம் அப்படி வாங்கிட்டாங்கன்னா அடுத்து ஆஸ்பத்திரியில ஃபாதரை பாக்கும்போது அந்த மிரட்சி இருக்காது.

பூசையைப் பத்தி தனியா நீட்ட வேண்டாம், ஒண்ணு மட்டும். பரலோக மந்திரம் முடிஞ்ச உடனே ஃபாதர் ஒரு செபம் சொல்வாரு, தீமையில இருந்து விடுவிங்க, அமைதி குடுங்க, கலக்கம் இல்லாம எங்களைக் காத்துக்கங்கன்னு. அந்த நேரத்துல பெரும்பாலும் நம்ம கவனம் எங்கயோ இருக்கும். அடுத்த தடவை அந்த இடத்துல உங்க நோட்டுல எழுதின பயத்தை மனசுல வெச்சுக்கங்க. நன்மை (நற்கருணை) வாங்கிட்டு வந்து உக்காந்ததும் எதுவும் கேக்காம கொஞ்ச நேரம் சும்மா இருங்க.

இவ்வளவும் பண்ணியும் பயம் விடலன்னா, தூக்கம் வாரக்கணக்கா வரல, சாப்பாடு இறங்கல, திடீர்னு மூச்சு முட்டி கை கால் நடுங்குது, செத்துடலாம்னு எண்ணம் வருதுன்னா, அது உடம்போடயும் மூளையோடயும் சம்பந்தப்பட்ட நோயா இருக்கலாம், விசுவாசக் குறைவுன்னு நீங்களே முத்திரை குத்திக்காதீங்க. சீராக் சொன்னது மனநல மருத்துவருக்கும் சேர்த்துத்தான். அரசு ஆஸ்பத்திரியிலயும் ஜிப்மர்லயும் மனநலப் பிரிவு இருக்கு, 14416ங்கிற டெலி மானஸ் நம்பருக்கு ராத்திரி பகல் எப்ப வேணாலும் போன் பண்ணி தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. செத்துடலாம்ங்கிற எண்ணம் வந்தா விடியட்டும்னு இருக்காம உடனே வீட்டுல ஒருத்தரை எழுப்பிச் சொல்லுங்க.

பயந்து போயிருக்கிற வேற ஒருத்தரை பாக்கப் போனீங்கன்னா "பயப்படாதே, நம்பிக்கை வை"ன்னு நின்ன இடத்துல சொல்லிட்டு கிளம்பாதீங்க. உக்காருங்க. என்ன பயம்னு கேளுங்க, முழுசா சொல்ல விடுங்க, நடுவுல உங்க மாமியாருக்கு வந்த அதே நோயோட கதையை எடுக்காதீங்க. பிள்ளையை இழந்த வீட்டுல ஆண்டவரோட சித்தம்னு எடுத்த எடுப்புல சொல்லாதீங்க, லாசர் செத்தப்ப, உயிர்ப்பும் வாழ்வும் நானேன்னு மார்த்தாகிட்ட சொன்ன இயேசுவே லாசரோட இன்னொரு சகோதரி மரியா அழுறதை பாத்து கூடச்சேர்ந்து அழுதாரு. ஒரு பத்து மணி செபமாலை அவங்களோட சேர்ந்து சொல்லுங்க, சொல்ல முடியலன்னா நீங்க சொல்லுங்க, அவங்க கேட்டுக்கிட்டிருக்கட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி இந்த வாரம் உங்களுக்கு என்ன வேலை முடியாம இருக்கு, ரேஷன் வாங்கணுமா, பிள்ளையை ஸ்கூல்ல விடணுமா, ஆஸ்பத்திரிக்கு துணைக்கு ஆள் வேணுமான்னு கேட்டு ஒண்ணை ஏத்துக்கங்க, அன்பியத்துல சொன்னா மத்ததுக்கு ஆள் கிடைக்கும். ரிசல்ட் வர்ற அன்னைக்கு சாயங்காலம் ஞாபகமா ஒரு போன் போட்டு என்ன ஆச்சுன்னு கேளுங்க.